தீப்பெட்டி அண்ணனும் ஆரோக்கியத்தின் வெள்ளைக் கோட்டும்

கோலாலம்பூரிலேயே பெட்ரோலைக் கண்டு பயந்த ஒரே மனிதர், பெட்ரோல் கிடங்குக்குக் காவல்காரராக இருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் பிரிக்பீல்ட்ஸ் பஸ் கொட்டகையில் நான் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தபோது இந்த அதிசயத்தைத் தினமும் பார்த்தேன். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. வாசலில் நின்று வருகிறவன் மடியையெல்லாம் தடவித் தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொள்வார். போகும்போது திருப்பித் தருவார். அதனால் தீப்பெட்டி அண்ணன்.

ஆள் பார்த்துப் பிடுங்குகிற பழக்கமும் அவருக்குக் கிடையாது. ஒருநாள் கம்பெனி துரையே வாயில் சுருட்டோடு வந்துவிட்டார். அண்ணன் குறுக்கே பாய்ந்து, "துவான், அப்பி! பாஹாயா லா!" என்று தனக்குத் தெரிந்த மலாயில் ஐயா, நெருப்பு, ஆபத்து என்று அலறினார். அண்ணனுக்கு வேலை போச்சு என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். துரை என்ன நினைத்தாரோ, சுருட்டை வெளியே போய் அணைத்துவிட்டு வந்து கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அண்ணன் அவர் பையையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சித்தான் எங்கள் டிரைவர்மார் பீப்பாயிலிருந்து பெட்ரோல் இறக்குவார்கள். அதில் பெரிய வீரம் வேறு! "ஒரு மடக்கு நெஞ்சுக்குள்ள போச்சுன்னா மூச்சே நின்னுரும்டா" என்று அண்ணன் தொண்டை வற்றக் கத்திப் பார்த்தார். எவன் கேட்டான்? மறுநாள் எல்லாக் குழாய் முனையிலும் வேப்பெண்ணெய். கொட்டகை முழுக்க ஒரே காறித் துப்பல்.

"கசக்குதா?" என்றார் அண்ணன். "உசுரோட இருக்க, அதான் கசக்குது. கைப்பம்பு எதுக்குடா வாங்கி வச்சிருக்கு?"

பெட்ரோலில் கை கழுவித் தோல் வெடித்தவர்களைப் பிடித்து உட்கார வைத்துத் தேங்காயெண்ணெய் தடவுவார். தடவி முடிகிற வரை திட்டும் நிற்காது.

டிரைவர் ஆரோக்கியம், கொட்டகையை ஒட்டியிருந்த அறையில் என் அறைத்தோழன். கிள்ளானில் ஒரு ரயில்வே கார்டின் மகளைப் பெண் பார்த்துவிட்டு வந்து, அவள் நினைப்பிலேயே சோறு தண்ணி இல்லாமல் கிடந்தான். பெண்ணுக்கும் இவனைப் பிடித்திருந்தது. அப்பாதான், "மாப்பிள்ள மேல பெட்ரோல் நாத்தம் அடிக்குதே" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார். மகள் அழுது அடம்பிடித்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இன்னொரு முறை வரச் சொன்னார். அதிலும் தேறாவிட்டால் வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

ஆரோக்கியம் புது வெள்ளைக் கோட்டு தைத்தான். ஞாயிறு மத்தியானம் அதன் மேல் ஆட்டுக்கறிக் குழம்பைக் கொட்டினான். கறை போக்க எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பெட்ரோல். பெட்ரோல் நாற்றம் ஆகாத மாமனாரைப் பார்க்கப் போகக் கோட்டைப் பெட்ரோலில் ஊறப்போட்ட புத்திசாலி உலகத்திலேயே அவன்தான். சூடாகத் தேய்த்தால் நாற்றம் பறந்துவிடுமாம்! அண்ணன் மோப்பம் பிடித்துவிடக் கூடாது என்று ஜன்னலையும் சாத்திவிட்டோம். கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை சுற்றியது. ஆரோக்கியம் காரணமே இல்லாமல் சிரித்தான். சிரித்துக்கொண்டே வெளியே போய், இஸ்திரிப் பெட்டியில் கரியைக் கனியவைத்து, வீசி வீசி எடுத்துக்கொண்டு வந்தான்.

வாசற்படியில் காலை வைத்தான். எங்கிருந்துதான் வந்தாரோ, அண்ணன் அவன் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பு. பெட்டி சாக்கடையில் விழுந்து உஸ்ஸென்றது. என்னையும் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினார். பிறகு கோட்டை எடுத்துப்போய்க் குழாயடியில் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கினார்.

"என் கல்யாணம் போச்சே, அண்ணே!" என்று ஆரோக்கியம் தரையில் உட்கார்ந்து அழுதான்.

"கோட்டு எரிஞ்சா வேற தைக்கலாம். உன்ன எங்கடா கொண்டுபோயித் தைக்கிறது?" அண்ணன் கோட்டைத் தொட்டியிலிருந்து எடுத்தார். சோப்புப் போட்டுக் கும்மி, அலசிப் பிழிந்து, ஈரத்தோடு அவனுக்கு மாட்டிவிட்டார். "கெளம்பு. நானும் வரேன்."

நானும் கூடப் போனேன். கிள்ளான் ரயிலில் போகிற வழியெல்லாம் அவனைக் காற்றடிக்கும் ஜன்னலோரம் நிற்கவைத்தார். அப்படியும் காயவில்லை. மாமனார் வீட்டு வாசலில் சொட்டச் சொட்டப் போய் நின்றோம்.

"என்னப்பா இது கோலம்?" என்றார் கார்டு.

அண்ணன் ஒன்றையும் மறைக்கவில்லை. குழம்பு முதல் சாக்கடை வரை ஒப்பித்துவிட்டு, "ஒங்க பொண்ணுக்காக இன்னிக்கு எரிஞ்சே போயிருப்பான், சார். புத்தி கொஞ்சம் கம்மிதான். ஆனா மோந்து பாருங்க, சோப்பு வாசந்தான் வருது" என்றார்.

கார்டு எழுந்து வந்து உண்மையிலேயே முகர்ந்தார். உள்ளே பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். அவருக்கும் அடக்க முடியவில்லை. "ஒரு துண்டு கொண்டாம்மா, மாப்பிள்ளைக்குச் சளி பிடிச்சிரப்போவுது" என்றார்.

மாதா கோயிலில் கல்யாணம். பெண்ணுக்குத் தரையைத் தொடும் மெல்லிய முக்காடு, பக்கத்தில் வரிசையாக மெழுகுவர்த்திகள். எல்லோரும் மணமக்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். முன்வரிசையில் அண்ணன் மட்டும் முக்காட்டின் நுனியையும் மெழுகுவர்த்தியையும் மாறி மாறிப் பார்த்தபடி, பாதி எழுந்த நிலையிலேயே பூசை முழுக்க உட்கார்ந்திருந்தார். அவர் பார்த்துக்கொள்வார் என்ற தைரியத்தில்தான் நாங்களெல்லாம் அன்று நிம்மதியாகக் கல்யாணம் பார்த்தோம்.