காம்பஸ் அண்ணாச்சி கண்டுபிடித்த ஈசானி மூலை

பம்பாயில் சாமிக்கு ரூம் பார்த்துக் கொடுத்த ஒரே புரோக்கர் காம்பஸ் அண்ணாச்சிதான். கமிஷன் வாங்காத புரோக்கரும் அந்த ஊரிலேயே அவர் ஒருவர்தான். பத்துக்குப் பத்து ரூமில் ஏழு பேர், ஒரு தையல் மெஷின், இரண்டு கோழி. இதற்கு நடுவில் கடவுளுக்கென்று ஒரு மூலையைப் பிடுங்கிக் கொடுக்கிற வேலையை அவர் தானாகவே எடுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. கூப்பிடாமலே வந்துவிடுவார் என்பதால் அதற்கு அவசியமும் இருக்கவில்லை.

அறுபதுகளில் நாங்கள் குடியிருந்தது தாராவியில் ஒரு சால். எதிரெதிராக இரண்டு வரிசை, வரிசைக்குப் பத்து ரூம், நடுவில் ஒரு சந்து. எல்லா ரூமும் ஒரே அச்சு. உள்ளே நுழைந்தால் வலது கைப் பக்கம், கதவை ஒட்டின மூலையில் மோரி. மூன்றடிக்கு மூன்றடி சிமெண்டுத் தொட்டி அது. குளிப்பது, பாத்திரம் தேய்ப்பது, பிள்ளைகளை உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றுவது, மாமியாரோடு சண்டை வந்தால் போய் நின்று அழுவது எல்லாம் அதில்தான்.

அண்ணாச்சிக்குக் குர்லாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை. ஆறு நாள் இரும்போடு மல்லுக்கட்டு, ஏழாம் நாள் சாமி சேவை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சந்துக்குள் வருவார். இடது உள்ளங்கையில் காம்பஸ், வலது கையில் ஒரு பெரிய சுத்தியல், சட்டைப் பையில் ஆணி, கக்கத்தில் பலகை. காம்பஸ் பழைய சாமான் விற்கிற சோர் பஜாரில் வாங்கியது, வெற்றிலைப் பெட்டி அளவு பித்தளை டப்பா. அதைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் போச்சு.

"கப்பல்ல இருந்து கழத்துனது, கேட்டியளா? வெள்ளக்காரன் இதை வச்சித்தான் ஒலகத்தையே புடிச்சான். நம்ம ஈசானி மூலையைப் புடிக்காதா?"

ஈசானி மூலை என்றால் வடகிழக்கு. சாமி அங்கேதான் இருக்க வேண்டும் என்பதில் அண்ணாச்சிக்கு எந்தச் சமரசமும் கிடையாது. அக்கினி மூலையில் வைத்தால் புருஷன் பெண்டாட்டி சண்டை. வாயு மூலையில் வைத்தால் ஊர் ஊராக அலைய வேண்டும். கன்னி மூலையில் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்கித் தலையை மட்டும் ஆட்டுவார். முதல் இரண்டைவிட அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது.

அவர் மூலை பார்க்கிற அழகே தனி. செருப்பை வெளியே விட்டு, உள்ளே இரண்டு எட்டு வைப்பார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பார். கண்ணைத் திறந்து முள்ளைப் பார்ப்பார். உடனே பரேடில் திரும்புகிற போலீஸ்காரர் மாதிரி வெடுக்கென்று திரும்பி, "அந்தா!" என்று சுத்தியலை நீட்டுவார். சுத்தியல் நீளுகிற இடத்தில் மோரி இருக்கும்.

ஒரு வீடு என்றால் துரதிர்ஷ்டம் என்று விடலாம். எல்லா வீட்டிலும் ஈசானி மூலையில் மோரிதான் இருந்தது. எதிரெதிர் வரிசையில், ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கிற ரூம்களில், இரண்டு பக்கமும் வடகிழக்கு எப்படி ஒரே இடத்தில் வரும் என்று ஒருத்தராவது யோசித்திருக்க வேண்டும். எட்டாங்கிளாஸ் வரை பூகோளம் படித்த நானே யோசிக்கவில்லை, மற்றவர்களைச் சொல்லி என்ன?

தையல்காரர் செல்லத்துரை வீட்டில் மோரிக்கு மேலேயே பலகை அடித்தார்கள். குறுக்கே ஒரு கயிறு, அதில் ஒரே ஒரு திரை. குளிக்கிறபோது சாமிக்கும் மோரிக்கும் சேர்த்து இழுத்து மூட வேண்டும், கும்பிடுகிறபோது திறந்துவிட வேண்டும். ஒரு கார்த்திகைக்கு விருந்தாளிகள் எல்லாம் கைகூப்பி நிற்க, செல்லத்துரை பக்தியோடு திரையை விலக்கினார். உள்ளே அவருடைய மச்சினன் தலை நிறைய சீயக்காயோடு உட்கார்ந்திருந்தான். விளக்கு ஏந்தி நின்ற கிழவி ஒருத்தி பழக்க தோஷத்தில் அவனையே கும்பிட்டுவிட்டாள்.

எதிர் வரிசையில் இருந்த சூசைக்கு இதையெல்லாம் பார்த்துப் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, எங்க மாதா சுரூபத்துக்கும் ஒரு மூலை பாத்துச் சொல்லுங்க. எக்தம் பக்காவா இருக்கணும்."

"மாதான்னா என்னடே, அவங்களும் தாய்தான? வா பாப்பம்" என்று அண்ணாச்சி கிளம்பிவிட்டார். அங்கேயும் கண்ணை மூடினார், முணுமுணுத்தார், திரும்பினார். மோரி. சூசை அன்றைக்கே மோரியை இடித்துவிட்டு அங்கே மாதாவை வைத்தான். அப்புறம் அவன் குடும்பம் முழுக்கப் பக்கத்து வீடுகளில் முறை வைத்துக் குளித்தது.

எனக்கு அப்போது காட்கோபரில் ஒரு மருந்துக் கம்பெனி ஸ்டோரில் வேலை. கல்யாணமாகி, என் மனைவி பொன்னம்மாள் ஊரிலிருந்து புதிதாக வந்திருந்தாள். என் அம்மா அவள் கையில் எங்கள் குலதெய்வக் கோவிலின் பிடிமண்ணை மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்து அனுப்பியிருந்தாள். ஊரைவிட்டுப் போகிறவர்கள் கோவில் மண் ஒரு பிடி எடுத்துக்கொண்டுபோய்ப் புது வீட்டில் வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கண்ட இடத்தில் வைக்கக் கூடாது, நல்ல இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். அதுவரை ட்ரங்குப் பெட்டிக்குள் இருக்கட்டும் என்று வைத்தோம்.

அண்ணாச்சி வந்து மோரியைக் காட்டினார். பொன்னம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எச்சித் தண்ணி ஓடுத இடத்துலயா எங்க சாமி?"

"வேற மூலையே இல்ல தாயி. முள்ளு பொய் சொல்லாது."

மோரி மேல் வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. அண்ணாச்சி சொன்ன சண்டையையும் அலைச்சலையும் கேட்டபின் மற்ற மூலைகளில் வைக்கத் தைரியமும் வரவில்லை. மூன்று வாரம் சாமி பெட்டிக்குள்ளேயே இருந்தது. அவளைக் கொண்டுவந்து விட்ட அவள் அண்ணன் கல்யாண் என்கிற ஊரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார். திங்கட்கிழமை ஊருக்குக் கிளம்புகிறார் என்று தகவல் வந்ததும் பொன்னம்மாள் அமைதியாகச் சேலைகளை மடிக்க ஆரம்பித்தாள்.

"சாமிக்கே இடமில்லாத ரூம்ல எனக்கு என்ன வேலை? நானும் அண்ணன்கூடப் போறேன். நீங்க நல்ல ரூமாப் பாத்துட்டுக் கடுதாசி போடுங்க."

பம்பாயில் நல்ல ரூம் பார்ப்பதற்குள் எனக்கு அறுபது வயது ஆகிவிடும். எனக்கு வந்த கோபமெல்லாம் அண்ணாச்சி மேல்தான். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சந்து முனையில் அவரை மறித்தேன்.

"அண்ணாச்சி, ஒமக்குப் புண்ணியமாப் போகும். வேற ஏதாவது ஒரு மூலையைச் சொல்லும். நாளைக்கு என் பொண்டாட்டி வண்டியேறுதா."

அவர் அரண்டுபோய்விட்டார். "ஏ யப்பா, நம்மளால ஒரு குடும்பம் பிரியப்படாது. வா, இன்னொருக்காப் பாத்திருவோம்" என்று என்னைவிட வேகமாக நடந்தார். உள்ளே வந்து இரண்டு எட்டு வைத்து நின்றார். மறுபடியும் மோரி. முகம் வாடிப்போய் அப்படியே நின்றவரைப் பார்த்துப் பொன்னம்மாளுக்கே பாவமாகிவிட்டது.

"முதல்ல சாயாவைக் குடிங்க அண்ணாச்சி. அந்தச் சுத்தியலை இங்கன தாங்க."

சுத்தியலை அவள் வாங்கி அவருடைய இடது பக்கம் வந்து நின்றாள். காம்பஸ் முள் வலது பக்கமிருந்து கிளம்பி, சாவகாசமாக அரை வட்டம் அடித்து, அவளைப் பார்த்து நின்றது. அவள் முன்னால் வந்தாள். முள்ளும் முன்னால் வந்தது. பின்னால் போனாள். அதுவும் பின்னால் போனது.

"ஏங்க!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். "வடக்கு என் பின்னாலயே வருது!"

நான் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரித்தேன். லேத் பட்டறையில் காலமெல்லாம் இரும்போடு புழங்கிய மனிதருக்கு, கையில் சுத்தியலை வைத்துக்கொண்டு காம்பஸ் பார்க்கக் கூடாது என்று தெரியவில்லை. இத்தனை நாளும் அந்த முள் காட்டியது அவருடைய வலது கையைத்தான். வலது கை வடக்கென்றால் வடகிழக்கு அதற்குச் சற்றுப் பின்னால், கதவை ஒட்டின மூலையில் வந்து விழும், எல்லா ரூமிலும் அங்கேதான் மோரி.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. சாயா டம்ளரோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். உதடு அசைந்தது. மந்திரம் சொல்லவில்லை, வீடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"பதினேழு வீடு. மாதாவையும் சேத்தாப் பதினெட்டு." கண் கலங்கிவிட்டது. "எல்லாரையும் மோரியில ஒக்கார வச்சிட்டேனே தாயி."

என் சிரிப்பு பாதியில் நின்றது. பொன்னம்மாள் அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒங்க வீட்டுல சாமி எந்த மூலையில இருக்கு அண்ணாச்சி?"

"எனக்கு ஏது தாயி வீடு? பட்டறையில மிசினுக்குப் பக்கத்துல படுக்கேன். எங்க அய்யனாரு பிடிமண்ணு பெட்டிக்குள்ளதான் இருக்கு. ரூம் புடிச்சதும் வைக்கணும்னு கொண்டாந்தேன். பதினோரு வருசம் ஆச்சு."

இரண்டு வருஷமாக அந்த மனிதரோடு பழகியிருக்கிறேன். ஒரு நாளாவது அவர் எங்கே படுக்கிறார் என்று கேட்டதில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பொன்னம்மாள் எழுந்து வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரைத் தட்டிக் காட்டினாள்.

"இங்கன பலகையை அடிங்க. நீளமா அடிங்க, ரெண்டு சாமிக்கு."

"அது எந்த மூலையுமே இல்லையே தாயி. நடுச் சுவருல்லா?"

"நடுவுல இருந்தா ஒரு மூலையும் கோவிச்சுக்கிடாது. சாயந்திரம் ஒங்க அய்யனாரைக் கொண்டாங்க."

பதினெட்டு வீட்டுக்கும் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அண்ணாச்சி கிளம்பினார். அவள்தான் மறித்தாள். "செல்லத்துரை அண்ணன் மகளுக்கு மோரிச் சாமிதான் மாப்பிள்ளை கொண்டாந்திச்சின்னு அவங்க சொல்லுதாங்க. இப்பம் போய் தெசை தப்புன்னா, மாப்பிள்ளையைத் திருப்பியா அனுப்புவாங்க? பேசாம ஆணியை எடுங்க."

சாயந்திரம் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, மஞ்சள் முடிச்சை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். சால் முழுக்கக் கேட்காமல் நுழைந்தவர் எங்கள் வாசலில் நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டார். மறுநாள் என் மச்சான் தனியாகத்தான் ஊருக்கு வண்டியேறினார்.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை தவறாமல் வேலை முடிந்து வந்து அந்தப் பலகை முன்னால் நிற்பார். சாகிறவரைக்கும் வந்தார். இப்போதும் நாங்கள் ஊருக்குப் போனால் எங்கள் குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு, நாற்பது மைல் பஸ் பிடித்து அவருடைய அய்யனார் கோவிலுக்கும் போய்ப் பொங்கல் வைக்கிறோம். நமக்கு எதற்கு இரண்டு குலதெய்வம், இது யார் வழிச் சாமி என்று பிள்ளைகள் கேட்டால், "ஒங்க பெரியப்பா வழி" என்று பொன்னம்மாள் சொல்கிறாள்.

கூடப்பிறந்த அண்ணன் எனக்குக் கிடையாது. ஆனாலும் நான் ஒரு நாளும் அவளைத் திருத்தியதில்லை.