சக்கரம் ஏறாத விருந்தாளி

உழைத்துச் சோர்ந்தவனை உலகம் மதிக்கும். உழைக்காமலே சோர்ந்து போகிறவனை யாரும் சீந்துவதில்லை. நான் இரண்டாம் வகை. (மனைவியைக் கேட்டால் எனக்கென்று மூன்றாவதாக ஒரு வகை சொல்லுவாள்.) அப்படிப்பட்ட என்னிடம்தான் ரங்கசாமி வந்து மாட்டினான்.

வெள்ளைக்காரன் காலம். நான் தென்காசியில் வக்கீல் குமாஸ்தா. சாரல் பிடித்த ஒரு ஞாயிறு விடியலில் குற்றாலத்துப் பேரருவியில் அவனைப் பார்த்தேன். கோயம்புத்தூர் இளைஞன். கன்னியாகுமரியில் கடலைத் தொட்டுவிட்டு, மலைக்காட்டு வழியே தன்னந்தனியாக வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தான். அரிசியும் உப்பும் வாங்கக் கீழே இறங்கியிருந்தான்.

"யானை மிதிச்சிராதா தம்பி?"

"மிதிச்சா மிதிக்கட்டுமுங்க. ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் சக்கரம் வெச்ச எதுலயும் ஏற மாட்டேன்னு எங்கய்யன் முன்னால சத்தியம் பண்ணிப்போட்டனுங்க. அவரு நம்பாமச் சிரிச்சாருங்க. அந்தச் சிரிப்புக்குத்தானுங்க நடக்கறது."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்க்க வைத்து அருவியில் நிறுத்தினேன். வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். குதிரை வண்டியில் ஏற மாட்டேன் என்றதால் நானும் தென்காசி வரை நடந்தேன். என் கால்கள் அங்கேயே விடைபெற்றுக்கொண்டன. வாய் மட்டும் சும்மா இருக்குமா? "செங்கோட்டை வரைக்கும் கூட நடந்து வந்து வழியனுப்புதேன்" என்று சொல்லித் தொலைத்தேன்.

எண்ணெய்க் குளியலுக்கு மேல் சொதியும் இஞ்சிப் பச்சடியும் இறங்கினால் யார்தான் விழித்திருப்பார்கள்? பையன் கட்டை போலத் தூங்கினான். அந்த நேரம் பார்த்து, செங்கோட்டைக்குக் காலி மாட்டுவண்டியோடு புறப்பட்ட வண்டிக்கார மாடசாமி வாசலில் நின்றான். என் குமாஸ்தா மூளை வேலை செய்தது. இவனாக ஏறினால்தானே சத்தியம் முறியும்? நாம் தூக்கிப் போட்டால் முறிந்ததென்று எந்தக் கோர்ட் சொல்லும்?

"அண்ணாச்சி, தம்பி தூங்குதான். எழுப்பட்டுமா?"

"வேண்டாம்லே. அலுங்காமத் தூக்கு."

வண்டியில் பரப்பியிருந்த வைக்கோலில் கிடத்தினோம். நானும் பக்கத்தில் சுகமாகச் சாய்ந்துகொண்டேன்.

திருவிதாங்கூர் எல்லையில் சுங்கச் சாவடிக் காவல்காரன் வண்டிக்குள் கம்பை விட்டுக் குத்தினான். "எந்தா இது? புகையிலையோ?"

"விருந்தாளி" என்றேன்.

விருந்தாளி விழித்தான். வைக்கோலைப் பார்த்தான், சக்கரத்தைப் பார்த்தான். "ஏனுங்க, இப்படிப் பண்ணிப்போட்டீங்களே!" (ஆத்திரத்திலும் மரியாதை குறையாத ஊர்.) என் சட்ட நுணுக்கத்தை விளக்கினேன். அவன் கண் கலங்கிவிட்டது. "எங்கய்யன் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்த வழியே தென்காசிக்குத் திரும்பி நடந்தான். நான் கூனிக் குறுகிப் பின்னால் போனேன்.

வாசலில் என் மனைவி, "என்ன திரும்பி வந்துட்டிய? எதையாவது வச்சிட்டுப் போய்ட்டியளா?" என்றாள்.

"ஆமாங்கக்கா, நடைய வெச்சுட்டுப் போயிட்டனுங்க."

படியைத் தொட்டான். மறுபடி செங்கோட்டைப் பக்கம் திரும்பினான். வாக்குக் கொடுத்த பாவத்துக்கு நானும் திரும்பினேன். இலஞ்சியை எட்டுமுன் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பையன் தன் குப்பியிலிருந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தான். "நீங்க ஊட்டுக்குப் போங்கண்ணா. நான் போய்க்கறனுங்க." போய்விட்டான். ஊர் போய்ச் சேர்ந்தானா, இன்றுவரை தெரியாது. சேர்ந்திருக்க வேண்டும் என்று நினைக்காத நாளில்லை.

பொழுது சாயும்போது மாடசாமி வண்டி திரும்பி வந்தது. சாலையில் நீட்டிப் படுத்திருந்த என்னைக் குனிந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, சத்தியம் கித்தியம் ஒண்ணும் இல்லையே? ஏத்தலாமா?"

அதை ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்தான். இன்றைக்கும் நான் எங்கே அசந்து படுத்தாலும், "சத்தியம் ஒண்ணும் இல்லையே? ஏத்தலாமா?" என்று மனைவி தொடங்கிப் பேத்தி வரை கேட்கிறார்கள். கடைசியாக என்னைத் தூக்குகிற அன்றும் யாராவது ஒருவர் கேட்கத்தான் போகிறார்கள். இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஒன்றும் இல்லை, தாராளமாக ஏற்றலாம்.