என் செல்களுக்கு ஆயுத பூஜை

எட்டு மாதம் தொடர்ந்து தோற்ற மனிதன் எந்தச் சாமியையும் கும்பிடுவான். தாம்பரத்தில் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளையான நானும் கும்பிட்டேன். எழுபதுகளின் கடைசியில் நடந்த கூத்து இது.

நான் அப்போது ஆராய்ச்சி மாணவன். ரத்தக் குழாயின் உட்சுவரில் மெல்லிய செல்கள் ஓடு பாவியதுபோல் ஒட்டியிருக்கும். இன்சுலின் வந்து பற்றிக்கொள்வதற்கான ஏற்பி அந்தச் செல்களின் மேல் உண்டா, உண்டென்றால் இன்சுலின் பட்டதும் அவை வளருமா? இதுதான் என் கேள்வி. (பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டவர்களிடம் அம்மா, "ஏதோ செத்துப்போறதை வளக்கறான்" என்பாள்.)

அந்தச் செல்கள் தொப்புள்கொடியில் கிடைக்கும். அனகாபுத்தூரில் ஒரு பிரசவ விடுதி வாசலில் ஐஸ் போட்ட பிளாஸ்கோடு தவம் கிடப்பேன். "வேற பொயப்பே இல்லியா உனுக்கு?" என்று கேட்டுக்கொண்டே ஆயா கொண்டுவந்து தருவாள். சைக்கிளில் கல்லூரிக்கு ஓடி, செல்களைப் பிரித்து, கண்ணாடித் தட்டுகளில் இட்டு, எப்போதும் உடல் சூட்டிலேயே இருக்கும் ஒரு பெட்டிக்குள் வளர்ப்பேன். ஒவ்வொரு முறையும் காற்றிலிருந்து பூஞ்சை புகுந்து எல்லாம் பாழாகும். "இந்தத் தடவையும் போச்சுன்னா டாபிக்கை விட்டுடுப்பா" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

அந்த முறை வளர்ந்தன! தட்டு நிறையப் பரவியிருந்த செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து அழுதேவிட்டேன். திங்கட்கிழமை இன்சுலின் ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் ஆயுத பூஜை வந்தது.

ஆய்வக உதவியாளர் முனுசாமி எல்லாக் கருவிகளுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவர், என் பெட்டியை மட்டும் தாண்டிப் போனார்.

"நீங்க வேதக்காரங்க, நமக்கு இன்னாத்துக்கு வம்புன்னு வுட்டேன் சார்."

எனக்குத் திக்கென்றது. மற்ற எல்லாவற்றுக்கும் அருள் கிடைத்து, என்னுடையதற்கு மட்டும் கிடைக்காமல் போனால்?

"இதுக்கும் வைங்க முனுசாமி. உள்ளேயும் வைங்க!" என்றேன். (உள்ளேயும்! அறிவியல் படித்தவன் வாயில் வந்த வார்த்தை!)

அவர் குறையே வைக்கவில்லை. ஒவ்வொரு தட்டின் மூடியையும் பயபக்தியோடு எடுத்துப் பொட்டு வைத்து மூடினார். பெட்டிக்குள் சாம்பிராணி காட்டினார். நான் பொரிப் பொட்டலத்தோடு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தால் சூடே இல்லை. சுவிட்ச் அணைந்திருந்தது.

"பூஜைல வெச்சதுக்கு ரெஸ்ட்டு குடுக்கணுமில்ல சார்? நான்தான் ஆப் பண்ணேன்" என்றபடி எட்டிப் பார்த்தார் முனுசாமி. தட்டுகள் முழுக்க வெள்ளை வெளேரென்று பூஞ்சை. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "பூ பூத்துகீது சார்!"

பேராசிரியர் மூடியில் இருந்த பொட்டை வெகுநேரம் பார்த்தார். "இன்சுலின் வேணாம்பா. ஊதுபத்தி ஏத்திடு."

என் ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது. சில வருடங்களில், வெளிநாட்டில் யாரோ அந்த ஏற்பிகளைப் பார்த்துவிட்டார்கள் என்று படித்தேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தியே தலை நரைத்தது.

இப்போது எனக்கே சர்க்கரை வியாதி. தினமும் காலையில் மனைவி ஊசியில் இன்சுலினை ஏற்றிக்கொண்டு வந்து நிற்பாள். பேரப்பிள்ளைகள் இதற்கென்றே பல் துலக்காமல் ஓடிவருவார்கள். அவள் முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்பாள்:

"ஏங்க, ஊசிக்குப் பொட்டு வைக்கவா?"