துண்டு போர்த்திய இரண்டு கோப்பி மெஷின்கள்

ஸ்கூடாய், ஜொகூர்.
புதன்கிழமை இரவு. மணி தெரியவில்லை. கடிகாரம் கீழே கூடத்தில் இருக்கிறது. இறங்கினால் மூன்றாவது படி சத்தம் போடும்.

பெருமதிப்பிற்குரிய லெட்சுமணன் மாமாவுக்கு, தங்கள் அக்காள் மகள் லோஷினி வணக்கம் கூறி எழுதுவது.

தாங்களும் அத்தையும் சிங்கப்பூரில் குறையேதும் இன்றி இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அடுத்த வரியில் எழுதுபவரின் நலத்தைச் சொல்ல வேண்டும் என்று எங்கள் தமிழாசிரியை கற்றுக்கொடுத்திருக்கிறார். அப்பா நலம். அம்மா நலம். நான் நலமாக இல்லை, மாமா. போர்வைக்குள் டார்ச்லைட் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். 

வாட்ஸ்அப் புலனத்தில் அனுப்பாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். பரீட்சை முடியும்வரை என் கைப்பேசி அம்மாவின் அலமாரியில் இருக்கிறது. அதனால் இதை நாளைக் காலையில் என் வகுப்புத் தோழி ஃபரீஹாவிடம் கொடுப்பேன். அவளுடைய அத்தா அப்துல் பாசித் தினமும் பிற்பகலில் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர், உங்கள் வீட்டு வழியாகத்தான் போவாராம். அவர் பிறருடைய கடிதத்தைப் பிரிக்க மாட்டார் என்று ஃபரீஹா சத்தியம் செய்தாள். இருந்தாலும் உறையை மூன்று இடத்தில் ஒட்டப்போகிறேன்.

அப்பாவுக்கு வேலை போனது உங்களுக்குத் தெரியும். வீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது, ஓய்வு என்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடம் அதிகாலையில் சிங்கப்பூர்ப் பாலம் தாண்டிப் போய் அவர் ஓட்டிய மெஷினை எடுத்துவிட்டு, தானாகவே ஓடும் மெஷினை அங்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். கூட வேலை செய்தவர்கள் பிரிவுப் பரிசாக வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு எஸ்பிரெஸோ மெஷின் தருவதாக முடிவு செய்து இங்கே ஸ்கூடாயில் ஒரு கடையில் சொல்லிவைத்தார்கள். அந்தக் கடைக்காரர் மிகவும் நல்லவர், எல்லாத் துன்பமும் அதில்தான் ஆரம்பித்தது. ஆட்டோமேட்டிக் ஒன்று, செமி ஆட்டோமேட்டிக் ஒன்று, இரண்டையும் இரண்டு வாரம் வீட்டில் வைத்துப் பாருங்கள், பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்த மாதிரியே திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லி இரண்டையும் வேனில் அனுப்பிவிட்டார். வந்த அன்றே அம்மா பாரபட்சம் பார்க்காமல் இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார். அந்த வேன் வருகிற சனிக்கிழமை பதினொரு மணிக்கு மறுபடி வரும்.

மெஷின் பழுது பார்ப்பதே உங்கள் தொழில், நான் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் அவை நடந்துகொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் மேலே கோப்பிக் கொட்டையைக் கொட்டிப் பட்டனை அழுத்தினால் போதும், அதுவே அரைத்து, அதுவே ஊற்றி, கடைசியில் அதுவே வாய் கொப்பளித்துக்கொள்கிறது. செமி ஆட்டோமேட்டிக்கில் எல்லாம் நாம். தூளை எடை பார்த்து, கைப்பிடியில் நிரப்பி, கட்டையால் அமுக்கி, மாட்டி, நொடி எண்ணி, சரியான நேரத்தில் நிறுத்த வேண்டும். அப்பா முதல் நாள் அமுக்கியதில் மேசை சுவர்வரைக்கும் நகர்ந்தது. இரண்டாம் நாள் கைப்பிடி சரியாக மாட்டாமல் கோப்பி பீய்ச்சி அடித்து நாட்காட்டியில் பாதி மாதம் தெரியாமல் போய்விட்டது. அப்பாவுக்கு அதில் வருத்தமே இல்லை. ஓய்வுக்குப் பிறகு அவர் விசிலடித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். மூன்றாம் நாள் நான் சீருடையில் நின்று நொடி எண்ணினேன், அம்மா வாசலில் செருப்போடு நின்று காத்திருந்தார், கோப்பி நன்றாக வந்தது, அம்மாவின் ஃபேக்டரி பஸ் போய்விட்டது.

அன்று மாலை அம்மா வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார்.

"நாள் பூரா அங்க மெஷினோட நிக்கிறேன். வீட்டுக்கு வந்தும் இன்னொரு மெஷினோட நிக்கணுமா? பட்டன அமுக்குனமா குடிச்சமான்னு இருக்கணும்."

"பட்டன அமுக்கறதுக்கு மனுசன் எதுக்கு, மலரு?"

"குடிக்கிறதுக்கு."

அப்பா ஆட்டோமேட்டிக் ஊற்றிய கோப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "புளிக்குது லா. ஆளில்லாத கோப்பி."

"ஆளில்லாம ஓடுறது எதுவும் உங்களுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் அம்மா. சொன்ன பிறகு அவரே வாயைப் பொத்திக்கொண்டார்.  அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை. அம்மா இரண்டு மெஷின்களுக்கும் குளிக்கும் துண்டைப் போர்த்தி, சனிக்கிழமை வரைக்கும் யாரும் கை வைக்கக்கூடாது என்று என்னிடம் அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். அப்பாவும் என்னிடம், "எது வேணும்னு நீயே சொல்லிடு, நீ சொன்னா சரி" என்றார். அம்மாவும், "ஆமா, அவளே சொல்லட்டும்" என்றார். இரண்டு வாரத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். மாமா, எந்த மெஷின் வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. யார் வேண்டும் என்று கேட்கிறார்கள். எனக்குக் கோப்பியே பிடிக்காது, நான் மைலோதான் குடிப்பேன்.

இனிமேல் எழுதப்போவதை அத்தையிடம்கூடச் சொல்லாதீர்கள்.

நேற்று மதியம் அம்மா வேலைக்கும் அப்பா முடி வெட்டிக்கொள்ளவும் போயிருந்தார்கள். நான் யோசித்தேன். ஆட்டோமேட்டிக்கில் அப்பாவுக்குப் பிடித்த கோப்பி வந்துவிட்டால் சண்டை முடிந்துவிடும். அப்பாவுக்குப் பிடித்தது பொந்தியானிலிருந்து வாங்கிவரும் கோப்பிக் கொட்டை, சீனியும் மார்ஜரினும் போட்டு வறுத்தது, கறுப்பாக மினுமினு என்று இருக்குமே, அது. ஒரு பொட்டலத்தை அப்படியே கொட்டிப் பட்டனை அழுத்தினேன். மெஷின் முதலில் பல்லைக் கடித்தது. பிறகு ஆட்டுக்குட்டி மாதிரி கத்தியது. பிறகு கருகின சீனி வாசம் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. அலமாக், மாமா, அந்த அமைதிதான் பயங்கரம். கரண்டியால் தோண்டிப் பார்த்தேன், கொட்டையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி எள்ளுருண்டை மாதிரி இறுகிவிட்டது, கரண்டி வளைந்துவிட்டது, கரண்டியை என் புத்தகப்பைக்குள் ஒளித்துவைத்துவிட்டுத் துண்டைப் பழையபடி போர்த்திவிட்டேன்.

விளக்கப் புத்தகத்தைப் படிக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். படித்தேன். சீனி பூசிய கொட்டையைப் போடக்கூடாது என்று பதினான்காம் பக்கத்தில் இருந்தது. ஏதோ வெள்ளைக்காரர் மிட்டாய்க்கடையில் விற்கிற கொட்டை என்று நினைத்தேன். பிறந்ததிலிருந்து நாம் இதை வெறும் கோப்பி என்றுதானே சொல்கிறோம். நம்மைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். செமி ஆட்டோமேட்டிக் வேண்டும் என்று சொன்னால் ஆட்டோமேட்டிக் கடைக்குப் போகும், கடைக்காரர் மூடியைத் திறப்பார். ஆட்டோமேட்டிக் வேண்டும் என்று சொன்னால் அம்மா அங்கேயே பட்டனை அழுத்துவார். எதைச் சொன்னாலும் பதினொன்று ஐந்துக்கு நான் அகப்பட்டுவிடுவேன். அம்மா திட்டுவார், அது எனக்குப் பழக்கம். அப்பாவுக்குத்தான் பயப்படுகிறேன். அவர் அடிக்க மாட்டார், திட்டவும் மாட்டார். "பரவால்லம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போய் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்துகொள்வார். கிளப்ப மாட்டார். வேலை போனதிலிருந்து பல நாள் விடிவதற்கு முன் பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரை அங்கே நான் போய் உட்காரவைத்த மாதிரி ஆகிவிடக்கூடாது, மாமா.

ஆகவே தயவுசெய்து வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்துவிடுங்கள். கருவிப் பெட்டியைத் துணிப்பையில் மறைத்து, மேலே ஆரஞ்சுப் பழம் வைத்துக் கொண்டுவாருங்கள். நான் இருவரையும் பாசார் மாலாம் இரவுச் சந்தைக்கு அழைத்துப் போகிறேன். பேசிக்கொள்ளாமல் நடப்பதால் மெதுவாகத்தான் நடப்பார்கள், உங்களுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுங்கள். அப்பாவுக்கு எதுவும் தெரியக்கூடாது. அது ஒன்றுதான் நான் கேட்பது.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். எல்லாக் கடிதத்திலும் பெரியவர்களின் ஆசியைக் கடைசியில் கேட்பார்கள். எனக்கு அது வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

இப்படிக்கு,
தங்களையே நம்பியிருக்கும்
ரா. லோஷினி

பின்குறிப்பு: உறைக்குப் பசை எடுக்க அடுப்படிக்குப் போனேன். அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். வாயில் டார்ச்லைட். எதிரே செய்தித்தாளில் செமி ஆட்டோமேட்டிக் முழுவதும் துண்டு துண்டாகக் கிடந்தது. ஏன் பீய்ச்சி அடித்தது என்று பார்க்கத் திறந்தாராம். கையில் ஏதோ ஒரு பாகம் இரண்டாக உடைந்திருந்தது. என்னைப் பார்த்து அவர் பயந்தார், மாமா. அப்பா பயந்து நான் பார்த்ததே இல்லை.

"அம்மாகிட்ட சொல்லிடாதம்மா" என்றார். "சனிக்கெழம நீ செமிதான் வேணும்னு சொல்லிடு. இத அப்பா மெதுவா சரிபண்ணிக்கிறேன். அந்த ஆட்டோமேட்டிக்க யாரும் தொடல, அப்படியே திருப்பிக் குடுத்துடலாம்."

நான் போய் ஆட்டோமேட்டிக்கின் துண்டை எடுத்துவிட்டு மூடியைத் திறந்து காட்டினேன். அப்பா டார்ச்லைட் அடித்துப் பார்த்தார். குனிந்து முகர்ந்தார்.

"பொந்தியான் கோப்பியா?"

"ம்."

"ஏம்மா போட்ட?"

"உங்களுக்குப் பிடிக்கணும்னு."

 அப்பா செய்தித்தாளின் ஓரத்தை இழுத்து எனக்கு உட்கார இடம் விட்டார். மாமாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். "ரெண்டு மெஷின்னு எழுதிடு" என்றார்.

எனவே வெள்ளிக்கிழமை வேண்டாம், வியாழக்கிழமை இரவே வாருங்கள். பாசார் மாலாமுக்கு அம்மாவை மட்டும் நான் அழைத்துப் போகிறேன், இந்த முறை தலைவலி அப்பாவுக்கு. மேலே அப்பாவுக்குத்தான் பயப்படுகிறேன் என்று நான் எழுதிய இடத்தில், எங்கள் இருவருக்கும் அம்மாவை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும்.