கரடி வயிற்றை வெட்டிக்கொண்ட கதை

ஒரு காட்டில், எந்த மரமும் தாங்காத ஒரு கரடி இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கரடி நான்தான்.

தேனெடுக்க நான் ஏறிய இலுப்பை மரத்தின் கிளை ஒருநாள் முறிந்தது. விழுந்ததுகூட வலிக்கவில்லை. கீழே நின்ற குரங்குகள் அதை செல்போனில் படம் பிடித்து, மாலைக்குள் காடு முழுக்க அனுப்பிவிட்டன. அதுதான் வலித்தது.

"ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன்" என்றேன் வீட்டில்.

"தேனைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்களேன்" என்றாள் என் மனைவி வடிவு.

தேனைக் குறைப்பதைவிட வயிற்றைக் குறைப்பது சுலபம் என்று தோன்றியது. என் புத்தி அவ்வளவுதான்.

டாக்டர் மரங்கொத்தி பதினாறு பக்கப் படிவம் ஒன்றை நீட்டினார்.

"இதுல என்ன எழுதியிருக்கு டாக்டர்?"

"என்னென்ன சிக்கல் வரலாம்னு."

நல்லதாக ஏதாவது எழுதியிருந்தால் படித்திருப்பேன். கட்டைவிரலை மையில் தோய்த்து உருட்டிவிட்டேன்.

இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டியெடுத்து, மிச்சத்தைத் தைத்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல். தையல் ஓரிடத்தில் விட்டுப்போய் உள்ளே கசிந்திருந்தது. மறுபடியும் வயிற்றைத் திறந்தார்கள். பதினோரு நாள் நினைவில்லை. கண் விழித்தபோது வடிவு என் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை மரம் வேணா முறியட்டும். நீங்க இருந்தா போதும்" என்றாள்.

அழுதேன். தையல் இழுத்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

பிழைத்து வீடு வந்தேன். ஒரு சொட்டுத் தேன் நக்கினாலும் நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், அடுத்த நிமிடம் புதருக்கு ஓடவேண்டும். சத்துக் குறைந்து முடியெல்லாம் உதிர்ந்தது. முடியில்லாத கரடியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்கவும் வேண்டாம்.

பக்கத்துப் புதர்க் காட்டுப்பன்றி தொந்தியப்பன் நலம் விசாரிக்க வந்தான். என் பழைய பருமன் அவனுக்கு. அவனையாவது காப்பாற்றுவோம் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். தழும்பைக் காட்டினேன். அவன் கண் கலங்கிவிட்டது.

"ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்கண்ணே" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "எத்தனை கிலோ குறைஞ்சுது?"

"எழுபத்தெட்டு" என்றேன். என்னையறியாமல் வயிற்றை எக்கிக்கொண்டேன்.

"அந்த டாக்டர் நம்பரைக் குடுங்கண்ணே."

வடிவு முறைத்தாள். கொடுத்துவிட்டேன்.

நீதி: அடுத்தவரை எச்சரிக்க விரும்புகிறவர் போர்வை போர்த்திக்கொண்டு பேசவும். இளைத்த இடுப்பு தெரிந்துவிட்டால், சொல்வது எதுவும் காதில் ஏறாது.