முப்பதுக்கு முப்பது

மலேரியா ஒழிப்பு வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய அறிவிப்பு ஒன்று, கல்வராயன் மலைக்குக் காலை பஸ்ஸில், உரமூட்டைக்கு அடியில் நசுங்கி வந்து சேர்ந்தது.

மலைமக்கள் பல வருஷமாக விழுங்கிவரும் குளோரோகுவின் மாத்திரை இன்னும் வேலை செய்கிறதா, இல்லை கிருமி அதற்குப் பழகிவிட்டதா என்று விஞ்ஞான முறைப்படி கண்டறிய அரசு திருவுளம் கொண்டுள்ளது. முப்பது நோயாளிகள். மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்க வைக்க வேண்டும். பிறகு இருபத்தெட்டாம் நாள் வரை வாராவாரம் விரலில் குத்தி ரத்தம் பார்க்க வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் ஆய்வு செல்லாது.

அடியில் மாவட்ட மலேரியா அதிகாரி தெய்வசிகாமணி பேனாவால் சேர்த்திருந்தார்: 'முப்பதும் முடித்தால் கள்ளக்குறிச்சிக்கு மாற்றல். இல்லையேல் அங்கேயே.'

மலேரியா இன்ஸ்பெக்டர் உமர் பாரூக், அச்சடித்ததை ஒருமுறை படித்தார். பேனாவில் எழுதியதை ஒன்பது முறை படித்தார். கள்ளக்குறிச்சியில் மாமனாரின் ஜவுளிக்கடை மாடியில் அவர் மனைவி அத்தியாவுக்கு ஏழு மாசம். மூத்தது பிறந்தபோது மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. பாரூக் போய்ப் பிள்ளை முகத்தைப் பார்ப்பதற்குள் ஊரே பார்த்து முடித்திருந்தது.

முப்பது பேரைச் சேர்ப்பது சிரமமாக இல்லை. மலையில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் காய்ச்சலுக்கு வந்ததில்லை. மூன்று நாள் மாத்திரை கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியிலும் பார்த்தார்.

ஏழாம் நாள் பத்தொன்பது பேர்தான் வந்தார்கள். மீதிப் பதினோரு பேரை மரவள்ளிக் காடுகளில் தேடிக் கண்டுபிடித்துக் குத்திவிட்டு, அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி திரும்பினார்.

"விரல் நீட்றதுக்கு இன்னாம்மா கஷ்டம் இவங்களுக்கு?" என்று, ஆஸ்பத்திரியைப் பெருக்கி வெந்நீர் வைக்கும் சாலம்மாளிடம் புலம்பினார்.

"விரலுக்கு வேலை இருக்குது சார். சும்மா வந்து குத்து வாங்கிக்கினு போவணும்னு அவங்களுக்குத் தலையெழுத்தா? ஒரு பன்னாச்சும் குடுங்க."

பதினாலாம் நாள் பன் வந்தது. முப்பதுக்குப் பதில் நாற்பத்தாறு பேர் வந்தார்கள்.

"நோட்டுல பேர் இல்லாதவங்க தள்ளி நில்லுங்கப்பா" என்றார் பாரூக்.

"காச்சல் வந்தவனுக்குத்தான் பன்னா?" என்று முன்னால் வந்தார் அய்யனார் என்பவர். "எனுக்குக் காச்சல் வராதது என் குத்தமா சார்? பன்னு இல்லன்னா சொல்லிடுங்க. எம் மச்சானுங்க ரெண்டு பேரு உங்க நோட்டுல இருக்காங்க. இட்டுகினு போயிடறேன்."

மச்சான்கள் எழுந்தார்கள். பாரூக் பன்களைப் பாதிப் பாதியாகப் பிய்த்தார். முழுப் பன் என்று நம்பி வந்த முப்பது பேரும் முணுமுணுத்தார்கள்.

இனி இந்தக் கூத்து ஆகாது என்று முப்பது அட்டை வெட்டி, நம்பர் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார். அட்டை இருந்தால்தான் பன்.

சாலம்மாள் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரேஷன் கார்டு மாதிரியா சார்?"

"அதே மாதிரிதான்."

"அப்ப செரி. ஊருக்கே புரிஞ்சிடும்."

புரிந்தது. இருபத்தோராம் நாள் முப்பது அட்டை, முப்பது பேர், நூல் பிடித்தாற்போல் வரிசை. பாரூக் நிமிர்ந்து முகம் பார்க்கிறவர் அல்ல. பதினைந்து வருஷ சர்வீஸில் அவர் பார்த்ததெல்லாம் விரல்தான். பன்னிரண்டாம் அட்டை வந்தது. சின்னக்கண்ணு, வயது ஐம்பது, ஆண், என்றது பதிவேடு. நீட்டிய கையில் நாலு கண்ணாடி வளையல் இருந்தது.

பாரூக்கின் ஊசி நின்றது. ஒரு தலை குறைந்தாலும் ஆய்வு செல்லாது. அவர் இன்னும் கொஞ்சம் குனிந்து, குத்தினார்.

வரிசை முடிந்ததும் சாலம்மாளிடம் கேட்டார்: "எல்லாரும் வந்தாங்களாம்மா?"

"முப்பது கார்டும் வந்துச்சே சார்."

"எல்லாரும்?"

"கார்டு வந்துச்சி சார்."

அவர் யோசித்தார். சின்னக்கண்ணு எங்கே போயிருப்பார்? சின்னசேலம் பக்கம் கரும்பு வெட்ட இறங்கியிருப்பார். காய்ச்சல்காரன் கரும்பு வெட்டுவானா? ஆக, ஆள் வரவில்லை என்றால் ஆள் குணமாகிவிட்டான் என்று அர்த்தம். ரத்தத்தில்கூட இவ்வளவு உறுதியான சாட்சி கிடைக்காது. விஞ்ஞானத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கும் என்று சமாதானம் ஆனார்.

இருபத்தெட்டாம் நாள் வரிசையில் வளையல் சத்தம் ஜாஸ்தியாக இருந்தது. பாரூக் தலையை நிமிர்த்தவே இல்லை. ரத்தம் தடவிய முப்பது கண்ணாடித் துண்டில் ஒன்றில்கூடக் கிருமி இல்லை.

தெய்வசிகாமணி ஜீப்பில் வந்து மாலை போட்டுக்கொண்டார்.

"மலை தோற்றது, மாத்திரை வென்றது. முப்பதுக்கு முப்பது! வேறு மருந்து வேண்டும் என்று நாம் அனுப்பிய கோரிக்கையை இன்றே வாபஸ் வாங்குகிறேன். இன்னும் மூன்று வருஷத்துக்கு உங்களுக்கு இதே மாத்திரைதான்."

ஜனங்கள் கைதட்டினார்கள். ஒரு கையில் பன் இருந்ததால் சத்தம் கம்மி.

மறுநாள் பாரூக் மாற்றல் உத்தரவைச் சட்டைப்பையில் வைத்து, பெட்டியை பஸ் மேலே ஏற்றி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். சாலம்மாள் ரப்பர் பேண்டு போட்ட அட்டைக்கட்டை நீட்டினாள்.

"இந்தாங்க சார். இனிமே பன்னு கெடயாதாமே. வெச்சிக்கினு இன்னா பண்றது?"

உத்தரவு பையில் இருந்ததால் பாரூக்குக்கு எல்லோர் மேலும் பிரியம் வந்தது. "கரும்பு வெட்டு முடிஞ்சி சின்னக்கண்ணு வந்தா நான் விசாரிச்சேன்னு சொல்லும்மா."

"கரும்பா? அவரு எங்க சார் போனாரு. கம்பளி போத்திக்கினு வூட்லதான் கெடக்காரு. மறுக்கா மறுக்கா குளிர் வருது."

கண்டக்டர் விசில் கொடுத்தார்.

"அப்ப மத்த ஆளுங்க?" என்றார் பாரூக்.

சாலம்மாள் ஜன்னல் கம்பியை விட்டாள்.

"காச்சல் நின்னவங்க அவங்களே வந்தாங்க சார். நிக்காதவங்கதான் கார்டக் குடுத்தனுப்சாங்க."