முசேயும் ஐந்தாவது பாடியும்

பேய்க்குப் பயப்படுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேயே கிடையாது என்று அடித்துச் சொல்கிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். ஒரு பேயோடு வருஷக்கணக்கில் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்து, அதைப் பற்றி ஒரு குறையும் சொல்லாத மனிதர், புதுச்சேரி முழுக்கச் சலித்தாலும் எங்கள் முசே ஒருவர்தான்.

முசே என்பது பிரெஞ்சுக்காரர்களைக் கூப்பிடுகிற மரியாதைச் சொல். இவரோ பக்கத்து உழவர்கரைக்காரர். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்ததால் குடும்பத்துக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது, இவருக்கு இந்தப் பட்டப்பெயர் கிடைத்தது. தினமும் சென்ட் அடித்துக்கொண்டு வேலைக்கு வருவார். நாங்கள் வேலை பார்த்ததோ ஊரை ஒட்டிய ஒரு எரிசாராய ஆலை. அங்கே அடிக்கிற வாடையில் மல்லிகைத் தோட்டமே நடந்து வந்தாலும் யாருக்கும் தெரியாது.

நான் அங்கே லேபில் இருந்தேன். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்பாகான மொலாசஸைப் புளிக்கவைத்து எத்தனாலை வடிப்பார்கள். வடித்தது போக, அதைப் போலப் பல மடங்கு பழுப்புக் கழிவு மிஞ்சும். அப்படியே ஆற்றில் விட்டால் ஒரு மீன் தப்பாது. ஆகவே அதை எவாபரேட்டரில் ஏற்றித் தண்ணீரை ஆவியாக்கிச் சுண்டவைப்பார்கள். ரசம் போல உள்ளே போவது வெல்லப்பாகு போல வெளியே வரும். அதை பாய்லரில் போட்டு எரித்துவிடலாம். இந்தச் சுண்டவைக்கிற பிரிவுக்குத்தான் முசே ஆபரேட்டர்.

அங்கே மூன்று மாடி உயரத்துக்கு ஐந்து எஃகுப் பாத்திரங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் 'பாடி' என்பார்கள். சர்க்கரை ஆலைக்காரர்கள் வைத்த பெயர். நான் சேர்ந்த அன்று இது எனக்குத் தெரியாது.

"அஞ்சாவது பாடிலேர்ந்து கொஞ்சம் சாம்பிள் எடுத்துக்கோம்மா. இன்னும் சூடா இருக்கு" என்றார் முசே.

நான் பாட்டிலைக் கீழே போட்டேன்.

முதல் பாடிக்கு பாய்லர் நீராவி. அதில் கிளம்பும் ஆவியே இரண்டாவதைக் கொதிக்கவைக்கும், இரண்டாவதின் ஆவி மூன்றாவதை. போகப் போக உள்ளே காற்றழுத்தம் குறைந்துகொண்டே வருவதால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஐந்தாவதில் பம்பு காற்றை உறிஞ்சி எடுத்துவிடும். குளிக்கிற வெந்நீரைவிடக் கொஞ்சம் கூடுதலான சூடுதான் இருக்கும், ஆனால் தளதளவென்று கொதிக்கும். பக்கத்தில் போய் நின்றால் சத்தமே இருக்காது. எனக்கு அதுதான் பிடிக்காது.

முசே காலையில் வந்ததும் ஒவ்வொரு பாடியையும் உள்ளங்கையால் தட்டி, "போன்ழூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிக்கொண்டே போவார். நான்கோடு நிறுத்திவிடுவார். ஐந்தாவதின் முன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சும்மா நிற்பார்.

"இதுக்கு மட்டும் ஏன் போன்ழூர் இல்ல?" என்று கேட்டேன்.

"அங்க ஒருத்தர் இருக்காரும்மா."

"யாரு?"

"தெரியாது. நான் வேலைக்கி சேர்றப்பவே இருந்தாரு. நமக்கு சீனியர். நாமளா முந்திக்கிட்டுப் பேசக் கூடாது."

நான் சிரித்துக்கொண்டே லேபுக்குப் போனேன். அந்தச் சிரிப்பு அதிக நாள் தாங்கவில்லை. ஒவ்வொரு பாடியிலும் உள்ளே பார்ப்பதற்கு ஒரு வட்டக் கண்ணாடி இருக்கும், பின்னால் ஒரு விளக்கு எரியும். ஒரு மதியம் ஐந்தாவதின் கண்ணாடியில் நுரை அப்பி ஒன்றும் தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். உட்புறத்திலிருந்து யாரோ உள்ளங்கையால் துடைத்தது போல நுரை ஒரே வீச்சில் விலகியது. ஓடிப்போய் முசேயிடம் சொன்னேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"புதுசா ஒரு பொண்ணு வந்திருக்குன்னு பாத்திருப்பாரு" என்றார். "நல்லவருதான். நீ டீ குடிக்கிறியா?"

அந்தச் சமயத்தில் ஒரு புது மேனேஜர் வந்தார். இயந்திரத்தின் முன் ஹெல்மெட்டைக் கழற்றுவது பாதுகாப்பு விதிக்கு விரோதம் என்று முசேயைக் கண்டித்தார். முசே தகராறு செய்யவில்லை. ஹெல்மெட்டோடு வந்து, ஐந்தாவதைப் பார்த்து, "சார் சொல்லிட்டாரு, கோச்சிக்காதீங்க" என்று மட்டும் சொன்னார். அன்று சாயங்காலத்துக்குள் ஐந்தாவதில் நுரை பொங்கி, ஆவிக்குழாய்க்குள் ஏறி, பிரிவே நின்றுபோனது. மேனேஜர் மொலாசஸைக் குறை சொன்னார். லேபில் சோதித்துப் பார்த்தேன், மொலாசஸ் அவர் சொன்ன மாதிரி மட்டம்தான். இருந்தும் கேன்டீனில் ஒருவர்கூட அதை நம்பவில்லை. எனக்கும் என் ரிப்போர்ட்டின் மேல் அவ்வளவு நம்பிக்கை வரவில்லை.

பிறகு சுத்தம் செய்யும் நாள் வந்தது. கழிவு சுண்டச் சுண்டக் குழாய்களுக்குள் உப்பு கெட்டியாகப் படியும். அவ்வப்போது ஆலையை நிறுத்தி, ஆட்களை உள்ளே இறக்கிச் சுரண்டுவார்கள். காலையில் வேலை முடிந்து, ஆள் இறங்கும் துவாரங்களை மூடி, மறுபடி ஓட்டத் தயாரானோம். முசே ஐந்தாவதின் மேல் காதை வைத்தார்.

"தட்டுறாரு" என்றார்.

மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீராவி ஏறினா பைப் தட்டத்தான் செய்யும்."

"நீராவி இன்னும் தொறக்கவே இல்லையே சார்."

மேனேஜர் தானே போய்க் காதை வைத்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். நானும் வைத்தேன். டொக், டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டொக், டொக், டொக். அவசரமே இல்லாமல், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி.

மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். வெறும் குழாய்கள். மூடினோம். மறுபடி தட்டியது, இந்த முறை கீழிருந்து. முசே மூச்சு வாங்கப் படியிறங்கி, அடிக்குழாயைத் தடவிக்கொண்டே போனார். அது தரைக்கடியில் இருக்கும் கழிவுக் குழியில் போய் முடிந்தது. ஆலையை ஓட்டினால் சுடுகழிவு முதலில் விழுகிற இடம் அதுதான். குழியின் மூடி பாதி விலகியிருந்தது.

உள்ளே ஏழுமலை இருந்தார். சுத்தம் செய்ய வந்த ஒப்பந்த ஆட்களில் ஒருவர். கைதவறி விழுந்த ஸ்பேனரை எடுக்க யாரிடமும் சொல்லாமல் இறங்கி, குழியின் விஷவாயுவில் மயங்கியிருக்கிறார். வெளியே எல்லோரும் அவர் கேன்டீனுக்குப் போயிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். முகமூடி மாட்டிய இரண்டு பேர் இறங்கித் தூக்கினார்கள். அவர்கள் இறங்கியபோது, யாரோ ஏணியில் சாய்த்து உட்காரவைத்த மாதிரி, தலையை மேலே நிமிர்த்தித்தான் இருந்தார். விலகிய மூடி வழியாக முகத்தில் நல்ல காற்று பட்டதால் பிழைத்தார் என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் முசே, மேனேஜர், நான் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"நல்லவேள தட்டின, ஏழுமலை" என்றார் மேனேஜர்.

ஏழுமலை புரியாமல் விழித்தார். "நான் எங்க சார் தட்டினேன்? எறங்கினேன், மூஞ்சி குப்புற வுழுந்துட்டேன். கை காலு எதுவும் அசைக்க முடியல."

"குப்புறயா? உக்காந்துல்ல இருந்த?"

"யாரோ முதுகுல கை குடுத்துத் தூக்கின மாதிரி இருந்துது சார். நீங்கதான்னு நெனச்சேன்."

மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முசே நாற்காலியைக் கட்டிலுக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தக் கை சில்லுன்னு இருந்துதா, சுட்டுதா?"

ஏழுமலை யோசித்தார். "வெதுவெதுன்னு இருந்துது."

"சரிதான்" என்று முசே எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். "அஞ்சாவதுல எப்பவும் சூடு கம்மி."

அடுத்த வாரம் மேனேஜர் ஐந்தாவதின் முன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் வேர்வை துடைப்பது போலக் கர்சீப்பை எடுத்தார். தலையில் வேர்வையே இல்லை.

எனக்கு வேறு வேலை கிடைத்து ஆலையை விட்டேன். பிறகு முசேயின் முழங்கால் போய், படியேற முடியாமல், பிரான்சில் இருக்கும் மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவார். நோணாங்குப்பம் ஆற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, மழை உண்டா என்று கேட்பார். பேரன் சொல்லிக்கொடுத்தும் போனைப் பிடிக்க வரவில்லை. நெற்றியும் கூரையும்தான் தெரியும்.

போன வாரம் சொன்னேன், "முசே, போனைக் கொஞ்சம் எறக்கிப் புடிங்க. மொகம் தெரியல."

"கெழட்டு மொகம். பாத்து இன்னா பண்ணப் போற?"

"சும்மாத்தான்" என்றேன்.